வால் குறைந்த விலங்கும் ஒன்பது கற்களும்

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஓர் இளம் அதிகாரி என் வீடு தேடி வந்தார். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழங்காலத்து எலும்புகளைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்வதற்காக, ஓவியர்களையும் விஞ்ஞானிகளையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு கண்காட்சி நடத்தப் போகிறார்களாம். "நம்ம டிபார்ட்மெண்டுல இதுவரைக்கும் யாருமே செய்யாதது சார்" என்றார். நான் முகாமில் எடுபிடி வேலை பார்க்கும் கலாசியாகச் சேர்ந்து கலாசியாகவே ஓய்வு பெற்றவன். அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டதிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. "நாங்க செஞ்சிருக்கோம் தம்பி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "காப்பி ஆறிடப் போவுது" என்றுதான் வந்தது.

அவர் போன இரண்டாம் நாள் ஒரு கார்டு போட்டேன். விவரமாக எழுதி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. எழுதுவது எனக்குச் சிரமமில்லை. எதிரில் ஆள் இருக்க மாட்டார் அல்லவா?

யுத்த காலம் அது. அரியலூரில் எட்டாவது முடித்துவிட்டு ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் பேசுவதில்லை என்று முதலாளிக்கு என்மேல் குறை. அந்தச் சமயத்தில் பூமியின் கற்களை ஆராயும் சர்க்கார் இலாகாவின் முகாம் உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் மேலக்காடு என்ற சிற்றூரில் வந்து இறங்கியது. தற்காலிகக் கலாசி வேலை. கூடாரம் அடிக்க வேண்டும், நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும், அதிகாரி பின்னால் நடக்க வேண்டும். பேச வேண்டியதில்லை. சேர்ந்துவிட்டேன். முதல் வருஷம் முழுக்க நடந்தேன் என்று சொன்னால் போதும்.

அதிகாரியின் பெயர் சபேசன். ஒல்லியான மனிதர். சட்டையில் ஆறு பைகள், ஆறிலும் பென்சில். கையை வைப்பதற்கு முன்னால் பென்சிலை வை என்பது அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். ஓடைக் கரையில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றால் எங்களுக்கு உடனே பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால் போயிற்று. முதலில் அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று எழுத வேண்டும். பிறகு எத்தனை அடி ஆழம், மேலே என்ன மண், கீழே என்ன மண். பிறகுதான் உளி. உளியும் எலும்பின்மேல் படக்கூடாது, சுற்றியிருக்கிற மண்ணில்தான் பட வேண்டும். பாதி எழும்பியதும் ஈரக் காகிதத்தைப் போர்த்தி, அதன்மேல் சாக்குத் துணியைப் பசையில் நனைத்துச் சுற்ற வேண்டும். சீமையிலிருந்து வரும் சாந்து யுத்தத்தில் நின்றுபோனதால் புளியங்கொட்டைப் பசைதான். காய்வதற்குள் ஆடுகள் வந்து சாக்கை நக்கிவிடும். ஆடு விரட்டுவதும் என் வேலையாக இருந்தது.

சார் எந்தப் பொருளையும் முதலில் பதிவேட்டில் ஏற்றாமல் தொடமாட்டார். கூடாரத்தின் முளைக்குச்சி ஒன்று முறிந்ததற்கு, எங்கே, எப்போது, எந்தக் காற்றில் என்று அரைப் பக்கம் எழுதினார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கையில் எடுத்த கல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பார். கல்லாகிப் போன எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், நாக்கில் ஒட்டும். கல்லாகிப் போன மரம் ஒட்டாது. இது சாஸ்திரம். ஊரில் இருந்தவர்களுக்கு அது தெரியுமா? எங்கள் வண்டிக்காரர் என் காதருகே வந்து, "சுத்த சைவம்னு சொல்லி வெங்காயம் கூட வேணாங்கறாரு. எலும்ப மட்டும் இந்த நக்கு நக்கறாரே" என்றார். நான் ஆடு விரட்டப் போய்விட்டேன்.

அந்த ஓடைக் கரையில்தான் ஒரு பெரிய விலங்கின் தொடை எலும்புத் துண்டும், வால் எலும்பு மூன்றும் கிடைத்தன. வால் எலும்பு மூன்றும் உடைந்து தேய்ந்தவை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் டைனோசர் என்கிறார்கள். சார் ராட்சதப் பல்லி என்பார். அவர் சாப்பிடுவதைக் கூடக் குறைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதித் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர் பெரம்பலூர்ப் பக்கத்தில் கல்மரங்களைப் பார்த்துவிட்டுப் போனவர். அவர் இரண்டே வரி எழுதினார். "நீர் கண்டது மரம். மரமல்ல என்றால், ஒன்றோடொன்று பொருந்தும் எலும்புகளைப் பங்குனி முடிவதற்குள் காட்டவும், இல்லையேல் முகாமைக் கலைக்கவும்."

சார் அதை மூன்று தடவை படித்தார். முகாம் கலைந்தால் அவருடைய விலங்கு மரமாகிவிடும். நான் மளிகைக் கடைக்குத் திரும்பி, வருகிறவர்களிடம் "என்ன வேணுங்க?" என்று கேட்க வேண்டியிருக்கும்.

கரையை இன்னும் தோண்டினோம். ஒன்றுமில்லை. ஓடை வருஷா வருஷம் கரையை அரித்து எலும்புகளை வெளியே தள்ளியிருக்கிறது, ஊர்க்காரர்கள் நல்ல கல் என்று வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று சார் கண்டுபிடித்தார். அப்படியென்றால் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். போனோம். காக்கிச் சட்டை, தொப்பி, கையில் பெரிய பதிவேடு, பின்னால் சாக்குப் பையோடு நான். அந்த வருஷம்தான் சர்க்கார் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து நெல் எவ்வளவு இருக்கிறது என்று கொள்முதலுக்காக அளந்துகொண்டிருந்தார்கள்.

"உங்கள் இல்லத்தில் பெரிய கற்கள் ஏதேனும் உள்ளனவா?" என்று சார் கேட்டார்.

"கல்லா? எங்க வூட்டுல கல்லே கெடையாதுங்க" என்றார் ஒருவர். ஒரு கல்மேல் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

மேலக்காட்டில் நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் கல் என்ற பொருளே இல்லை என்று தெரிந்தது. ஒரு வீட்டில், "உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று சார் கேட்டதும் அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து, "வூட்டுல யாரும் இல்லீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் சார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "நாம் என்ன செய்கிறோம் என்றே இவர்களுக்குத் தெரியவில்லை" என்றார். எனக்கு ஒரு யோசனை. எங்கள் தெருவில் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதும் பக்கிரிசாமி அண்ணன் இருந்தார். காடு, தெரு, தர்பார் எல்லாம் துணியில் எழுதுவார். யுத்தத்தில் கம்பெனி படுத்துவிட்டது, அவரும் படுத்துவிட்டார். அவரைக் கொண்டு அந்த விலங்கை எழுதிக் காட்டினால் என்ன? இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் ஒரு சீட்டில் எழுதி அவர் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டேன். சார் படித்துவிட்டு, "யார் இதை வைத்தது?" என்றார். "தெரியலீங்க சார்" என்றேன். ஆனாலும் மறுநாளே என்னைத்தான் அரியலூருக்கு அனுப்பினார்.

பக்கிரிசாமி அண்ணன் தூரிகைக் கட்டோடு வந்து சேர்ந்தார். சார் காகிதத்தில் கோடு போட்டு, கால் இப்படி, கழுத்து இப்படி என்று ஒரு மணி நேரம் விளக்கினார்.

"எல்லாம் வெளங்கிடுச்சு சார். என்னா கலரு?"

"தெரியாது."

"தெரியாதுங்கற கலரு என்கிட்ட இல்லீங்களே."

"பல கோடி வருஷத்துக்கு முந்திய தோலின் நிறம் யாருக்கும் தெரியாது ஐயா."

"அப்ப பச்ச. தோட்டம் சீனுக்கு வாங்கின பச்ச அரை டப்பா மிச்சம் கெடக்கு."

துணி கிடைக்காத காலம். வேட்டிக்கே ரேஷன் கார்டு வைத்திருந்தோம். அண்ணன் தன்னிடமிருந்த பழைய தர்பார் படுதாவையே கொண்டு வந்துவிட்டார். விலங்கு அரண்மனைக்குள் நிற்கிறதைப் பார்த்துச் சாருக்கு முகம் வெளுத்துப் போயிற்று. தூண்களை மரங்களாக்கச் சொன்னார். சிம்மாசனம் பாறையாயிற்று. மேலே தொங்கிய கண்ணாடி விளக்கு மட்டும் எத்தனை பூச்சுப் பூசினாலும் மறுபடி தெரிந்தது. கீழ்ப்பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சார் தனக்கென்று இடம் கேட்டு வாங்கினார். மேலே விலங்கு உயிரோடு, கீழே அதன் எலும்புகள் எண்ணெண்ணாக. அந்த இடத்தில் அண்ணன் கையைப் பிடிக்காத குறையாகச் சார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "குழி இன்னும் ஆழம்", "அந்த மொட்டு இன்னும் உருண்டை." எங்களிடம் இருந்த வால் எலும்பில் ஒரு பக்கம் கிண்ணம் போலக் குழி, மறு பக்கம் குமிழ். ஒன்றின் குமிழ் அடுத்ததன் குழியில் உட்கார வேண்டும். எங்கள் மூன்றும் தேய்ந்து போனதால் உட்காரவில்லை, அதுதான் எங்கள் கஷ்டம்.

விலங்கைத் தலையிலிருந்து எழுதிக்கொண்டு வந்த அண்ணன், வால் தொடங்கிய இடத்தில் நின்றுவிட்டார். துணி தீர்ந்துவிட்டது. மிச்சத்தை நாடகக் கம்பெனி எலிகள் தின்றிருந்தன.

"வால் இன்னும் நீளமய்யா!" என்றார் சார்.

"தெரியுதுங்க சார். துணி இல்லியே."

ஆட்டுக்குட்டி வால் போல ஒன்றை மேல்நோக்கி வளைத்து முடித்துவிட்டார். கீழே மூன்று எலும்போடு வரிசையும் நின்றது. சார் அன்றிரவு சாப்பிடவில்லை. பொய்யான படத்தைச் சர்க்கார் முகாமிலிருந்து காட்டுவதா என்று வருத்தம்.

வேறு வழியில்லை. பங்குனி பிறந்துவிட்டது. மேலக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இரண்டு மூங்கில் நட்டு, மாலை வெயிலில் படுதாவைக் கட்டினோம். ஊரே வந்தது. சார் முன்னால் நின்று, "ஊர்வன இனத்தைச் சார்ந்த இப்பெரும் பிராணியானது" என்று தொடங்கினார். இரண்டாம் வாக்கியத்தில் பாதிப் பேர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்கள். அண்ணன் முன்னால் குதித்து, அது நாளைக்கு ஏழு வண்டி மனிதர்களைத் தின்னும் என்றார். கூட்டம் திரும்பி வந்தது. சார் அவரை இழுத்து உட்கார வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் உனக்குத் தெரியுமே. நீ சொல்லு."

நான் மூங்கிலில் அவிழாத முடிச்சை மறுபடி கட்டப் போனேன். அண்ணன்தான் வழி சொன்னார். "படுதாவுக்குப் பின்னால நின்னு சொல்லுடா தம்பி. நாடகத்துல வசனம் எடுத்துக் கொடுக்கற ஆளு எங்க நிக்கறான்? யாரு மொகமும் தெரியாது."

பின்னால் போய் நின்றேன். துணி வெயிலில் பச்சையாக ஒளிர்ந்தது. பேச்சு வந்துவிட்டது. அது இலை தழைதான் தின்னும், மனுஷனே பிறக்காத காலத்தது, இந்தப் பக்கமெல்லாம் அப்போது கடலோரம் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். படத்துக்குள்ளிருந்து குரல் வருவதைக் கேட்டு முன்னால் ஒரு பெரியவர், "சரிங்க சாமி" என்றார்.

"மேல என்னமோ தொங்குதே, அது என்னாங்க?"

"அந்தக் காலத்துச் சூரியனுங்க" என்றேன். பக்கத்தில் சார் பெருமூச்சு விட்டது கேட்டது.

இப்படி நாலு ஊர். கூட்டம் பெருகியது, கல் ஒன்றும் வரவில்லை. வழியில் நானும் மாறிவிட்டேன். "இந்த விலங்கு" என்று சொல்லி வந்தவன் மூன்றாம் ஊரில் "நான்" என்று சொல்லத் தொடங்கினேன். சார் கண்டித்தார். அண்ணன், "யாராச்சும் எழுந்து போனாங்களா சார்?" என்றார்.

பங்குனி முடிய எட்டு நாள் இருந்தபோது மறுபடி மேலக்காட்டிலேயே கட்டினோம். நான் பின்னால் நின்று, "நான் நாப்பது அடி நீளம்" என்று சொல்லி வாய் மூடவில்லை.

"பொய்யி!" என்று ஒரு பெண் குரல் முன்னாலிருந்து வந்தது.

"என்னாங்க?"

"இந்த வாலோட நாப்பது அடி எங்கேருந்து வரும்? வாலு தப்பு. ஒனக்கு இன்னும் ஒம்போது கல்லு சேத்தாத்தான் வாலு."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்தக் கல்லுங்க?" என்றேன்.

"கீழ மூணு போட்டிருக்கீங்கள்ல, அதே கல்லு. ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் கொட்டாங்கச்சியக் கவுத்தாப்புல மொட்டு. பெருசுலேருந்து சின்னதா எறங்கிக்கிட்டே வரும். கடைசி கல்லு சொம்பு அளவுதான் இருக்கும்."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. துணியைத் தூக்கிக்கொண்டு விலங்கின் வயிற்றுக்கு அடியிலிருந்து கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றேன். "நீங்க எங்க பாத்தீங்க?" என்று கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக முகம் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

பேசியவர் அஞ்சலை அம்மாள், தங்கராசு என்கிற குடியானவரின் மனைவி. முப்பது வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது? நான் பெரிய ஆளுன்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு சொன்னார்: "எங்க வூட்டுத் தானியக் குதிருக்கு அடியில இருக்குது. எங்க மாமனாரு ஓடையிலேருந்து கொண்டாந்து அண்டக் கொடுத்தது."

சார் அவரைக் கும்பிடாத குறை. "அம்மா, நாங்கள் வந்து கேட்டபோது இல்லையென்று சொன்னீர்களே!"

"காக்கிச் சட்டையோட பதிவேட்டத் தூக்கிக்கிட்டு வந்து கேட்டா குதிரக் காட்டுவாங்களாங்க? இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். மொத தடவ பாத்ததுலேருந்து மனசு கேக்கல. இம்மாம் பெரிய ஒடம்ப எழுதிப்புட்டு வாலத் தப்பாப் போட்டிருக்கீங்களே!"

அவர் வீட்டுக்காரர் தங்கராசு ஓடி வந்தார். "எங்க வூட்டுல குதிரே கெடையாதுங்க" என்றார்.

"சும்மா இருங்க. அவரு கல்லு ஆபீசரு" என்றார் அஞ்சலை அம்மாள். மூன்று நிபந்தனை போட்டார். குதிருக்கு வேறு கல் வைத்துத் தர வேண்டும். தானியத்தை வெளியே கொட்டும்போது ஆபீசர் பார்க்கக் கூடாது. படத்தில் வாலைச் சரியாக எழுத வேண்டும், அவர் நாத்தனார் ஊருக்கும் அந்தப் படம் போகும் என்று கேள்விப்பட்டாராம்.

மறுநாள் காலை முழுக்க சார் அவர்கள் வாசலில் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் வரகையும் நெல்லையும் கூடை கூடையாக எடுத்தோம். நடுவில் தங்கராசு சந்தேகப்பட்டு முன்னால் போய் எட்டிப் பார்த்தார். சார் கண்ணையும் மூடிக்கொண்டுதான் நின்றிருந்தார்.

கல் வந்தது. ஐந்து. தேயாத, முழு எலும்புகள். சார் நாக்கால் தொட்டார், ஒட்டியது. முற்றத்து மணலில் வரிசையாக வைத்தார். முதலாவதன் குமிழை அடுத்ததன் குழியில் பொருத்தினார். பொருந்தவில்லை. குமிழ் பெரியது, குழி சிறியது. அடுத்ததைப் பார்த்தார். அதுவும் அப்படியே.

"என்னா சார், ஒன்னுக்கொன்னு தாயாதி பங்காளி மாதிரி மொறச்சிக்கிட்டு நிக்குது?" என்றார் பக்கிரிசாமி அண்ணன்.

"தாயாதிதாங்க" என்றார் அஞ்சலை அம்மாள். "நான் கல்யாணமாகி வந்தப்ப ஒம்போதும் ஒன்னா இருந்துச்சு. குதிருக்கு மண்ணு பூச எடுத்தப்ப ஒன்னுக்குள்ள ஒன்னு குந்திக்கும், நானே வெச்சுப் பாத்திருக்கேன். பொறவு பாகம் பிரிச்சாங்க. பெரியாளுங்க உக்காந்து, இந்தா ஒனக்கு ஒன்னு, அவனுக்கு ஒன்னுன்னு வரிசையாக் கொடுத்தாங்க. மூத்தவருன்னு எங்க வூட்டுக்காரருக்கு அஞ்சு. கொழுந்தனுக்கு நாலு."

அதாவது ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது எங்களிடம். இரண்டு, நாலு, ஆறு, எட்டு அவர் கொழுந்தன் கலியமூர்த்தியிடம். இவ்வளவு நியாயமாக எந்தப் பஞ்சாயத்தும் ஒரு வாலைப் பிரித்திருக்க முடியாது. கலியமூர்த்தி தன் மாமனார் ஊரான மீன்சுருட்டிக்குக் குதிரோடு குடிபோய்விட்டார். கிணற்றுத் தண்ணீரில் தொடங்கிய சண்டை. அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருஷம்.

"நான் முறைப்படி ஒரு கடிதம் எழுதுகிறேன்" என்றார் சார்.

"எழுதுங்க. கல்லத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டுப் பதில் எழுதுவாரு" என்றார் அஞ்சலை அம்மாள்.

ஏழு நாள்தான் பாக்கி. எல்லாரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இந்த முறை சீட்டு எழுதவில்லை. "சார்" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன். "கேட்டப்ப யாரும் சொல்லலீங்க. தப்பா இருந்ததுனாலதான் இவங்க வந்தாங்க. தம்பி ஊருலயும் தப்பாக் காட்டுவோம்."

"தெரிந்தே தப்பாகவா? என் கையெழுத்தோடு ஒருபோதும் முடியாது" என்றார் சார்.

அண்ணன் தாடையைத் தேய்த்தார். "தப்பு வேணாங்க சார். நம்மகிட்ட இருக்கற அஞ்ச மட்டும் எழுதறேன். இல்லாத நாலுக்கு எடத்த வெறுமன விட்டுடறேன். அது பொய்யா?"

சார் முகம் மலர்ந்தது. "பொய்யே இல்லை. கிடைத்ததைக் கிடைத்ததாக, கிடைக்காததைக் கிடைக்காததாகக் காட்டுவதுதான் சாஸ்திரம்! பேஷ்!" இருவரும் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரே விஷயத்தில் ஒத்துப் போனார்கள். இருவர் மனசிலும் இருந்த காரணம் வேறு வேறு என்பது எனக்குத் தெரிந்தது.

துணி? சார் கூடாரத்துக்குள் போனார். பதிவேட்டைத் திறந்து எழுதினார். பிறகு கூடாரத்தின் பக்கத் துணியைத் தன் கையாலேயே கத்தரித்து எடுத்து வந்தார். முளைக்குச்சிக்கு அரைப் பக்கம் எழுதிய மனிதர். நான் பிறகு பதிவேட்டைப் பார்த்தேன். "வால் எழுதுவதற்காக என்னால் வெட்டப்பட்டது" என்று ஒரே வரி.

அண்ணன் துணியைத் தைத்துச் சேர்த்து, பச்சை தீர்ந்துவிட்டதால் காவியில் வாலை நீட்டினார். கீழே எலும்பு வரிசையில் ஐந்தை எழுதினார். நடுநடுவே நாலு வெற்றிடம். சார் பார்த்துத் திருப்தியாகப் படுக்கப் போன பிறகு, ஒவ்வொரு எலும்புக்கு அடியிலும், கோயில் படிக்கட்டில் எழுதுவது போல, "உபயம்: தங்கராசு, மேலக்காடு" என்று அழகாக எழுதினார். ஐந்து தடவை. வெற்றிடத்துக்கு அடியில் "உபயம்" என்று மட்டும்.

மீன்சுருட்டியில் சார் அதைக் கவனித்துவிட்டார். "இது என்ன?"

"எலும்பு எங்கேருந்து கெடச்சதுன்னு எழுதணும்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க" என்றார் அண்ணன். சார் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

நான் பின்னால் நின்று பேசினேன். வயிற்றைப் பற்றிச் சொன்னேன், கழுத்தைப் பற்றிச் சொன்னேன். வாலுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். பிறகு துணிக்கு மிக அருகே ஓர் ஆண் குரல்.

"இந்த நாலு எடம் ஏன் காலியாக் கெடக்குது?"

"அது இன்னும் கெடைக்கலீங்க."

"கெடைக்கலியா, யாருகிட்ட இருக்குன்னு எழுதறதுக்கு மனசு வரலியா?"

"யாருன்னு தெரியாதுங்களே."

"தெரியாது! அஞ்சு கல்லக் கொடுத்துப்புட்டு அஞ்சு தடவ பேரப் போட்டுக்கத் தெரியும். விட்டா நாளைக்கு இந்த நாலுலயும் அவரு பேர எழுதிக்குவாரு. நம்பர் ரெண்டு யாருது? நாலு யாருது? கேட்டுப் பாருய்யா, பஞ்சாயத்துக்கே தெரியும்!"

துணியைத் துழாவிக்கொண்டு ஒரு கை உள்ளே வந்து என் சட்டையைப் பிடித்தது. "ஒங்க முகாம் எங்க இருக்குது?"

அடுத்த நாள் பொழுது ஏறுவதற்குள் கலியமூர்த்தியின் வண்டி முகாமுக்கு வந்துவிட்டது. வைக்கோல் மெத்தைமேல் நாலு எலும்பு, பக்கத்தில் அவர் மனைவி காவலுக்கு. செய்தி கேட்டுத் தங்கராசும் அஞ்சலை அம்மாளும் வந்தார்கள். தங்கராசு கிழக்கே பார்த்து நின்றார், கலியமூர்த்தி மேற்கே பார்த்து நின்றார். கல்லைச் சாரிடம் கொடுக்கச் சொன்னதற்குக் கலியமூர்த்தி மறுத்துவிட்டார். தன் கல்லைத் தானே வைப்பாராம். உடனே தங்கராசும் அப்படியானால் தன் கல்லைத் தானே வைப்பேன் என்றார். சாருக்கு எலும்பைப் பிறர் தொடுவது உயிர் போவது போல. ஆனாலும் மணலில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு அளவுநாடாவோடு குத்துக்காலிட்டார்.

தங்கராசு ஒன்றை வைத்தார். கலியமூர்த்தி இரண்டை. குமிழ் குழிக்குள் போய், கதவுக்குத் தாழ் விழுவது போலத் தக் என்று உட்கார்ந்தது. சார் மூச்சை இழுத்தார். மூன்று. தக். நாலு. தக். பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டதால் இருவர் முழங்கையும் இடித்தது. ஆறாவது வர வேண்டிய இடத்தில் தங்கராசு கை நீட்டிவிட்டார்.

"தள்ளு. அது என் கல்லு" என்றார் கலியமூர்த்தி.

"ஒன் கல்லுன்னா குழி எந்தப் பக்கம்னு தெரியாதா? திருப்பி வையிடா."

"எனக்குத் தெரியும். நீ ஒன் ஏழாம் நம்பர எடு மொதல்ல."

அஞ்சலை அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ஏழு வருசம் கழிச்சுப் பேசிட்டாங்க" என்று கலியமூர்த்தியின் மனைவியிடம் மெல்லச் சொன்னார். அந்த அம்மாள், "இதுக்குப் பேசாமயே இருந்திருக்கலாம்" என்றார். ஆண்கள் இருவரும் அதற்குள் பழைய கிணற்றுத் தண்ணீர்ச் சண்டைக்கு வந்திருந்தார்கள். சார் ஒன்றையும் கேட்கவில்லை. ஒன்பதும் பொருந்தி வளைந்து கிடந்த வாலை அளந்து, எழுதி, மறுபடி அளந்துகொண்டிருந்தார்.

பெட்டியில் அடுக்கும்போது இன்னொரு தகராறு. என் கல்லும் அவன் கல்லும் ஒரே பெட்டியில் போகக்கூடாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். "ஒரே விலங்கய்யா, ஒரே பெட்டிதான்" என்று சார் கெஞ்சினார். அஞ்சலை அம்மாள் மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் அவரைச் சுற்றி ஆணி அடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பங்குனி முடிய மூன்று நாள் இருக்கும்போது பெட்டி அரியலூரில் ரயில் ஏறியது. கூடாரத்தில் ஒரு பக்கம் துணி இல்லாமல், சித்திரை வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் வந்தது, பதிவேட்டில் கூடாரத் துணியை வெட்டியதாக எழுதியிருந்த வரியைப் பற்றிய விசாரணை: "எதன் வால்?" அது வேறு பிரிவு. அடுத்த வாரம் பெரியவரின் கடிதம் வந்தது. அவர் எப்போதும் போல இரண்டே வரிதான் எழுதியிருந்தார். "விலங்கே. முகாம் தொடரட்டும், தலை எங்கே?"

சார் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "அந்த அம்மாளுக்கு நீ போய்ச் சொல்லு. உனக்குத்தான் பேச வருகிறதே" என்றார்.

போனேன். அஞ்சலை அம்மாள் குதிருக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் கையிலிருந்த மண்ணை வழித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"தலையா? அது எங்க மாமனாருக்கும் அவரு தம்பிக்கும் பாகம் பிரிச்சப்பப் போயிருக்கும். அந்தச் சின்ன மாமனாரு புள்ளைங்கல்லாம் செந்துறைப் பக்கம் இருக்கறாங்க. ரோசக்காரங்க, கேட்டாத் தரமாட்டாங்க." மறுபடி மண்ணை எடுத்தார். "மொகத்தக் கொஞ்சம் கோணலா எழுதச் சொல்லு."